மக்ரூனுக்குக் கூலி எவ்வளவு?

தூத்துக்குடிக்குப் போகிறவனிடம் யாரும் முத்து வாங்கி வரச் சொல்வதில்லை. ரயிலுக்கு 'முத்துநகர்' என்று பெயர் வைத்ததோடு முத்தின் கதை முடிந்தது. சந்தேகமாக இருந்தால் ஆபீஸில் லீவு லெட்டர் கொடுத்துப் பாருங்கள். எதற்கு லீவு என்று படிப்பதற்கு முன்னாலேயே மேனேஜர் நிமிர்ந்து, "அட, தூத்துக்குடியா? வரும்போது அரைக் கிலோ மக்ரூன்!" என்பார். (காசு தரமாட்டார். அது வேறு விஷயம்.)

மக்ரூனில் இருப்பது மூன்றே சாமான்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. சின்னக் கோபுரம் மாதிரி உச்சி கூராக நிற்கும். வாயில் போட்டால் 'கரக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஆளைக் காணோம். ஐரோப்பாவில் இதைப் பாதாம் போட்டுச் செய்கிறார்கள். இங்கே முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்து நம் மண்ணில் நட்டதுதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர், பிறகு டச்சுக்காரர், அதற்கும் பிறகு ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து ஊரை ஆண்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பேக்கரி மட்டும் கப்பலேறவில்லை.

ரயில் மணியாச்சியில் பிரிந்து கிழக்கே திரும்பியதும் காற்றே மாறிவிடும். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டும். ஊரைச் சுற்றி உப்பளம். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கிறார்கள். பனிமய மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, துறைமுகம் பக்கம் லாரிகளுக்கு வழிவிட்டு, பழைய தெருக்களில் நடந்தால் பேக்கரி வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். ஒரு பேக்கரியில் உள்ளே எட்டிப் பார்க்க விட்டார்கள். ரொட்டி, பன் எல்லாம் வெந்து முடித்து, அடுப்பு தணிந்து, அனலே இல்லாத மாதிரி ஆன பிறகுதான் மக்ரூன் தட்டுகள் உள்ளே போகின்றன.

"இது வேகுறதில்ல சார், காயுறது. அவசரப்பட்டா மேல செவந்து உள்ள பிசினா நிக்கும்" என்றார் அங்கிருந்த பெரியவர்.

என் அக்காவை இந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காக நான் போயிருந்தேன். போய் இறங்கிய அரை மணி நேரத்தில் என் முன்னால் ஒரு நோட்டு வந்து விழுந்தது.

"ஏல தம்பி, நீ பி.காம். தான? இதப் பாத்துச் சொல்லு."

வீட்டுக் கணக்கு நோட்டு. அரிசி, பால், டியூஷன், சீட்டு 2,000, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 1,000. ஆர்.டி. மகளின் காலேஜுக்காக. 60 மாதத்தில் 38 மாதம் கட்டியாயிற்று. அக்கா இப்போது அதை உடைக்க வேண்டும் என்கிறாள். எதற்கு? ஒரு பெரிய அவன் 14,000, முட்டை அடிக்கும் மிஷின் 8,000. வீட்டிலேயே மக்ரூன் போட்டு விற்கப் போகிறாளாம்.

அத்தான் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். சமீபத்தில் ஓவர்டைம் நின்றுவிட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் நோட்டில் தெரிகிறது. பால் ஒரு பாக்கெட் குறைந்திருக்கிறது.

"பிள்ள பணத்துல கை வைக்கக் கூடாது" என்றார் அத்தான், பேப்பரை விலக்காமலே. "மக்ரூன் விக்கிற ஊர்ல மக்ரூன் வித்து ஆகப் போகுதாக்கும். கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை."

"ஊசி வேணும்னா கொல்லன் தெருவுக்குத்தான வருவாக?" என்றாள் அக்கா.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. காமர்ஸ் படித்தவனின் சாபம் அது. ஆர்.டி.யை மூன்று வருஷம் கழித்து மூடலாம். ஆனால் பேசிய வட்டி கிடைக்காது, சாதாரண சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான். பொறுமையாகக் கட்டிய 38 மாதத்துக்கு அது சரியான மரியாதை இல்லை. முதலில் சின்ன அளவில் விற்றுப் பார்க்கலாம் என்று வழி சொன்னேன். ஆண்டு விழா மைதானத்தில் அம்மாக்கள் ஸ்டால் போடலாம், வாடகை 200 ரூபாய் என்று பள்ளியிலிருந்து ஏற்கனவே ஒரு சீட்டு வந்திருந்தது.

அப்புறம் இரண்டு நாள் அந்த வீடு வீடாக இல்லை. எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சின்ன அவன். ஒரு தடவைக்கு அரைக் கிலோதான் கொள்ளும். மூன்று கிலோவுக்கு ஆறு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலோ, பாத்திரத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ நுரை எழும்பாது என்று என்னை அடுக்களைப் பக்கமே விடவில்லை. பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை விழாமல் நிற்க வேண்டும். அக்கா அதை என் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினாள். விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

முப்பது முட்டையின் வெள்ளை போனால் முப்பது மஞ்சள் மிச்சம். எறிவாளா அக்கா? காலையில் மஞ்சள்கரு தோசை, மதியம் மஞ்சள்கருப் பொரியல், ராத்திரி மஞ்சள்கருக் குழம்பு. மிச்சம் மீதி எதிர்வீட்டுக் கேக்குக்குப் போயிற்று. அவனுக்கு அதுதான் வாடகை. அத்தான் தட்டைப் பார்த்துவிட்டு, "கொலஸ்ட்ரால் கணக்கையும் அந்த நோட்டுல எழுதிரு" என்றார்.

ஆண்டு விழா நம்மூர் ஆண்டு விழாவேதான். ஐந்து மணி என்று போட்டு ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். சிறப்பு விருந்தினர் 'இரண்டே நிமிடம்' என்று சொல்லி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உப்பளம் பற்றி ஒரு நடனம் ஆடினார்கள். என் மருமகள் தலையில் துண்டு கட்டி, கையில் பலகை வைத்து உப்பு வாரினாள். அந்தத் துணிமணிக்கு வாடகை 600 ரூபாய். நிஜ உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர்கள் யாராவது கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

மேடையில் அவள் ஆடும்போது அக்கா ஸ்டாலில் நின்றாள். அங்கேதான் ஒரு சங்கடம். கடல் காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். மக்ரூனைத் திறந்து வைத்தால் சீக்கிரமே நமத்துப் போகும். பாக்கெட்டுகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். டப்பாவை விட்டு நகர முடியவில்லை. மகள் உப்பு வாரியதை என் செல்போனில்தான் பார்த்தாள். ஸ்பீக்கரில் பாட்டு போய்க்கொண்டிருக்க, "நல்லா ஆடுனாளா தம்பி? காலு பிசகலையே?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ராத்திரி பத்தரைக்குக் கணக்கு. 100 கிராம் பாக்கெட் 90 ரூபாய். முப்பதில் 27 விற்றது. மீதி மூன்று? சிறப்பு விருந்தினருக்கு இரண்டு, பி.டி. மாஸ்டருக்கு ஒன்று, மரியாதை நிமித்தம். வரவு 2,430. செலவு: உடைத்த முந்திரி ஒன்றரைக் கிலோ 1,200, முட்டை 180, சர்க்கரை 70, பட்டர் பேப்பர் கவர் வகையறா 130, ஸ்டால் 200, கரண்ட் 50. ஆக 1,830. லாபம் 600!

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான்தான் அதைக் கெடுத்தேன்.

"அக்கா, இதுல உன் கூலி எங்க?"

"என் கூலியா?"

நோட்டை முன்பக்கம் வரை புரட்டினேன். பால்காரருக்குக் கூலி உண்டு, இஸ்திரிக்காரருக்கு உண்டு, டியூஷன் டீச்சருக்கு உண்டு. இவளுக்கு ஒரு வரி இல்லை. அடக்க விலை என்று காலேஜில் மூன்று வருஷம் படித்தவன் நான். கூலி போடாத அடக்க விலை அடக்க விலையே இல்லை என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மாவின் நோட்டிலும் அந்த வரி இருந்ததில்லை. உங்கள் வீட்டு நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

பதினைந்து மணி நேர வேலை. 600-ஐ வகுத்தால் மணிக்கு 40 ரூபாய்.

சரி, முடிந்தது கதை, மனசு உடைந்து போவாள் என்று நினைத்தேன். அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது ரூவாயா? பதினஞ்சு வருசத்துல எனக்குன்னு ஒரு ரேட்டு இப்பதாம்ல கேக்கேன்."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து என் பேனாவை வாங்கினார். கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுகிற கை. பெரிய அவன் என்றால் தடவைக்கு ஒன்றரைக் கிலோ. மூன்று கிலோவுக்கு இரண்டே தடவை, நாலு மணி நேரம். அடிக்க, பாக்கெட் போட இன்னொரு மூணு. ஆக ஏழு மணி நேரம். அதே 600-ஐ ஏழால் வகுத்து, மணிக்கு 85 என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

"அது வேகும்போது நான் சும்மாவா இருந்தேன்? சோறு வடிச்சேன், துணி தொவச்சேன்" என்றாள் அக்கா.

"அதுக்கும் கூலி போட்டா நான் வேலைய விட்டுட்டு உங்கிட்டதான் வந்து சேரணும்" என்றார் அத்தான். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

இது நிஜமாகவே கணக்குத் தெரிந்த ஊர். வ.உ.சி. 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விடக் கிளம்பியபோது, 25 ரூபாய்ப் பங்காக 40,000 பங்கு போட்டுத்தான் பத்து லட்சத்துக்குத் திட்டமிட்டார். 1911-ல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள் என்பதும் அதே கணக்கில் சேர்த்தி. கொழுத்த போட்டிக்காரன் எதிரே இருந்தால் நல்ல கணக்கும் மூழ்கும். அக்காவுக்குத் தெருவுக்கு ஒரு போட்டிக்காரன்.

கடைசியில் ஆர்.டி.யை உடைக்கவில்லை. 12 தவணை கட்டியிருந்தால், சேர்ந்த தொகையில் பாதி வரை அதன் மேலேயே போஸ்ட் ஆபீஸில் கடன் உண்டு, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம். இந்த ஒரு விஷயத்தில்தான் என் பி.காம். உபயோகப்பட்டது. 38,000-க்கு 19,000. மீதி 3,000-ஐ அத்தான் போடுகிறார். "பங்குதாரர்" என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார். ஸ்டாலில் வாங்கிய மூன்று அம்மாக்கள் பிறந்தநாளுக்கு ஆர்டர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் எப்படிப் போகும் என்று இப்போது யார் சொல்ல முடியும்?

கிளம்புகிற அன்று இரவல் அவனில் கடைசியாக ஒரு ஈடு போட்டாள். எனக்கு இரண்டு பாக்கெட் கட்டிக் கொடுத்தாள். பையில் வைக்கப் போனால், செல்போனை நீட்டி ஜி.பே. கோடைக் காட்டுகிறாள்.

"என்னக்கா, கூடப் பிறந்தவன்கிட்டயா?"

"நூத்தியெம்பது. கூலி போடணும்னு நீதானல சொன்ன?"