மணலும் பனியும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. நந்தி மலையில் பிறந்து, சாத்தனூர் அணையைக் கடந்து வரும் பெண்ணை, இவ்வூரருகே அகன்ற மணற்படுகையாய் விரிந்து கிடக்கின்றது. தைத் திங்கள் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இவ்வாற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்வார். சுற்றுப்புறத்து ஊர்த் தெய்வங்களும் வந்து கூடும். அன்று ஆற்றுமணலில் அடிவைக்க இடமிராது.

இவ்வூரில் கணவனை இழந்த அன்னை ஒருத்தி தன் ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினாள். அவன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, நீலகிரியில் வெல்லிங்டன் நகரிலுள்ள தலைமையகத்தில் பயிற்சி பெற்றுப் படைவீரனானான். பொங்கல் விடுமுறைக்கு அவன் ஊர் வந்திருந்தான். அம்முறை அன்னையிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அவன் நெஞ்சில் இருந்தது. கரும்பு வாங்கினான், வீட்டுக்கு வெள்ளையடித்தான், மாட்டுக்குக் கொம்பு சீவினான், அச்செய்தியை மட்டும் சொல்லவில்லை.

காணும் பொங்கலன்று, “அம்மா, இன்று கல்வராயன் மலைக்குப் போய் வருவோம்” என்று அழைத்தான். பிறந்த நாள் முதல் ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தவள் அவள்; மலை ஏறி அறியாள். மறுப்புச் சொல்லாமல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டாள்.

விடியுமுன் புறப்பட்ட இருவரும் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் சேர்ந்து, அங்கிருந்து மலைப்பேருந்தில் வெள்ளிமலைக்கு ஏறினர். வளைந்து வளைந்து செல்லும் பாதையில் கீழ்நாட்டின் வெம்மை சிறிது சிறிதாக நீங்கிற்று. வெள்ளிமலையில் இறங்கி, ஒற்றையடிப் பாதையொன்றில் நடக்கலாயினர். முன்னே நிற்கும் மரமும் தெரியாதவாறு மூடுபனி கவிந்திருந்தது. புல் நுனிகளிற் கோத்திருந்த நீர்த்துளிகள் அன்னையின் சேலைக் கரையை நனைத்தன.

“தம்பி, வடக்கே நீ நடக்கும் பனி இதுதானா?” என்று அவள் கேட்டாள்.

மகன் நகைத்தான். அவள் கேட்டது பேதைமையன்று. புல்லில் தங்கும் துளியும், கண்ணை மறைக்கும் புகைபோன்ற ஆவியும், உதகையில் மார்கழி விடியலில் புல்தரையை வெளுக்கச் செய்யும் உறைபனியும், இமயத்தின் முடியில் மலைமலையாய்க் குவிந்து கிடப்பதும் ஆகிய எல்லாவற்றுக்கும் நம் மொழி பனி என்னும் ஒரு சொல்லையே வழங்குகின்றது. முன்பனி என்றும் பின்பனி என்றும் காலத்தைப் பகுத்த முன்னோர், தாம் காணாத பொருளுக்கெனத் தனிப்பெயர் தேடவில்லை போலும்.

“அம்மா, அந்தப் பனி தரையில் விழுந்து கிடக்கும். அரிசி மாவைக் கொட்டிப் பரப்பியது போல் மென்மையாய் இருக்கும். காலை வைத்தால் முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை புதையும். ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை வைப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆகவே, பயிற்சியின்போது பனிமிதியடி என்று ஒன்றைக் காலணியின் கீழே கட்டிக்கொண்டோம்.”

பனிமிதியடியின் அமைப்பு எளியது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரக்கொம்பை வளைத்துச் சட்டமாக்கி, அதன் நடுவே தோல்வாரை வலைபோற் பின்னி அதனைச் செய்தனர். இக்காலத்தில் அலுமினியச் சட்டத்தாலும் செய்கின்றனர். மனிதனின் உள்ளங்காலைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்பு அதற்கு உண்டு. உடலின் எடை குறைவதில்லை. அவ்வெடை அகன்ற இடத்தில் பரவி விழுவதால் பனி அதனைத் தாங்கிக்கொள்கின்றது. உழுத சேற்றில் நுகத்தடியை நட்டால் இறங்கும். பரம்புப் பலகையை இட்டால் மிதக்கும். இரண்டும் ஒரே நியதிதான். ஆயினும், இறுகிய பனிப்பாறையில் பனிமிதியடி வழுக்கிவிடும். அங்கே முள் பொருத்திய காலணியே வேண்டும்.

அன்னை இதனைக் கேட்டுச் சற்றே நின்றாள்.

“சித்திரை மாத உச்சிவெயிலில் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு நம் ஆற்றைக் கடந்திருக்கிறேனே! குதிகாலை ஊன்றினால் மணல் இழுத்துக்கொள்ளும். பாதத்தை முழுதும் பரப்பி, அழுத்தாமல் எடுத்து வைக்க வேண்டும். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?”

மகன் வியந்தான். பயிற்சியாளர் அவனுக்குப் பல நாள் கற்பித்த நடை அதுவே. காசுமீரத்து உழவர் முற்காலத்தில் நெல் வைக்கோலைப் புரியாக முறுக்கி, ‘புல்ஹோர்’ என்னும் மிதியடி பின்னிப் பனியில் நடந்தனர் என்றும் அவன் கூறினான். “நெல் வைக்கோலா?” என்று அவள் இருமுறை கேட்டாள்.

பனி விலகத் தொடங்கிற்று. சரிவுகளில் மரவள்ளித் தோட்டங்களும், அறுவடையான சாமைக் கொல்லைகளும் தோன்றின. மலையாளி என வழங்கும் பழங்குடி மக்களின் நாடு இது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் இம்மலை சாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ஆம் ஆண்டிலேதான் அவர்தம் ஆட்சி முடிந்தது. சாலையும் பள்ளியும் இங்கே காலந்தாழ்த்தி வந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். வழியில் ஒரு குடிசை வாயிலில் இருந்த மூதாட்டி, கேளாமலே அவித்த கிழங்கு கொடுத்து, நீரும் தந்தாள்.

பாறையொன்றின்மேல் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது அன்னை மெல்லக் கேட்டாள்: “உன்னை எங்கே அனுப்புகிறார்கள்?”

மகன் விடை கூறவில்லை.

“சியாச்சினுக்கா?”

எழுதப் படிக்க அறியாத அவள் அப்பெயரை எவ்வாறு அறிந்தாள் என்று அவன் திகைத்தான். தமிழ்நாட்டில் படைவீரரைப் பெற்ற தாயர் அதனை அறிவர். காரகோரம் மலைத்தொடரில் ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அப்பனியாற்றின் மேலுள்ள முகடுகளை 1984 முதல் நம் படையினர் காத்து வருகின்றனர். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் அணியைச் சேர்ந்த பத்து வீரர் அதனுட் புதைந்தனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள் கழித்து ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்; கருநாடகத்தைச் சேர்ந்த அவரும் பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் உயிர் நீத்தார். அந்நாட்களில் மணலூர்பேட்டைத் தெருவில் தொலைக்காட்சி உள்ள வீட்டுத் திண்ணையில் அவள் நாள்தோறும் போய் அமர்ந்திருந்தாள்.

“ஆம், அம்மா. அடுத்த திங்கள்” என்றான் மகன்.

ஆற்றுவதற்குப் பொய் சொல்லலாம். பிள்ளைகள் பலர் சொல்வர். அவன் சொல்லவில்லை. குளிர் சுழியத்துக்குக் கீழே ஐம்பது பாகைவரை செல்லும் என்பதையும், வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதையும், மூச்சுக்காற்று அருகியிருப்பதால் படிப்படியாகத் தங்கித் தங்கியே மேலேறுவர் என்பதையும் கூறினான். பனியின் கீழே கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் உண்டு. ஆதலின் வீரர் அனைவரும் ஒரே கயிற்றில் பிணைந்து, முன்செல்பவன் கோலால் குத்திப் பார்க்க, அவன் அடிச்சுவட்டிலேயே பிறர் நடப்பர் என்றும் கூறினான்.

அவள் அழவில்லை. சோற்றுருண்டையை அவன் கையில் வைத்தாள். நெடுநேரம் கழித்து, “கயிறு நல்ல கயிறுதானே?” என்று கேட்டாள்.

“நல்ல கயிறு, அம்மா.”

“நீ முன்னே நடப்பாயா, நடுவிலா?”

“முறை வைத்து நடப்போம்.”

இறங்கும்போது அவள் முன்னே நடந்தாள். ஈரப்பாறை கண்டவிடத்து நின்று, இடக்காலை எங்கு வைக்க வேண்டும் என்று கை காட்டினாள். மலைப்போரில் பயின்ற மகன் அவள் காட்டிய இடத்திலேயே கால் வைத்து இறங்கினான்.

அன்றிரவும் மறுநாளிரவும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் விளக்கு அணையவில்லை. ஆற்றுத் திருவிழாவின் ஆரவாரம் அடங்கிய மறுநாட் காலையில், மகன் புறப்படுமுன், அன்னை அவனை ஆற்றுக்கு அழைத்துச் சென்றாள். மடியிலிருந்து இரண்டு வைக்கோல் மிதியடிகளை எடுத்தாள். புரி முறுக்கிப் பழகிய கை. பின்னல் இறுக்கமாய், முறத்தளவு அகன்றிருந்தது. படைவீரனுக்கு அரசு தரும் காலணி வேறு. இவை அவ்வுயரத்தில் ஒருநாளும் நில்லா. அதனை அவனும் அறிவான். அவளும் அறிந்திருக்கக் கூடும்.

அவன் அவற்றைக் காலில் கட்டிக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தின் சுவடு படாத மணற்பரப்பில் இருபது அடி நடந்து திரும்பினான். அன்னை குனிந்து சுவட்டில் விரலை வைத்து அளந்தாள். ஒரு விரற்கடை ஆழமும் இல்லை.

“சரி, கழற்றிப் பையில் வை” என்றாள்.