விருத்தாசலத்து அகலும் கொலுப் பொம்மையும்

விருத்தாசலத்தில் பண்டிகைக்கான பீங்கான் வேலை இரண்டு பாதியாக நடக்கிறது. மண், அச்சு, சூளை ஆகிய மூன்றும் முதல் பாதி. அது பட்டறைக்குள் முடிந்துவிடும். வண்ணம், துணி, சரிகை, மணி, ஜிகினாத் தாள், பசை எல்லாம் இரண்டாம் பாதி. அது பட்டறையில் நடக்கலாம், கடையில் நடக்கலாம், வாங்கியவர் வீட்டிலும் நடக்கலாம். கார்த்திகை அகல், நவராத்திரிக் கொலுப் பொம்மை, கிறிஸ்துமஸ் குடிலின் சிற்றுருவங்கள் ஆகிய எல்லாமே இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்து உருவாகிறவை. கடல் கடந்து வாழும் தமிழர் கையில் இருப்பது இரண்டாம் பாதி மட்டுமே. முதல் பாதியைத் தெரிந்துகொண்டால் அதை இன்னும் நன்றாகச் செய்யலாம்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் பழமலைநாதர் கோயிலை வைத்தோ ரயில் சந்திப்பை வைத்தோ அறிவார்கள். பீங்கான் தொழில் இங்கே வேரூன்றியதற்குப் பக்கத்து நெய்வேலியே காரணம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு சுரங்க வேலை ஆரம்பமானது. பழுப்பு நிலக்கரியைத் தொட வேண்டுமானால் அதன்மேல் கிடக்கும் மணற்கல்லையும் களிமண்ணையும் முதலில் அகற்ற வேண்டும். அப்படித் தோண்டி எடுத்ததில் பீங்கானுக்கு உதவும் வெண்களியும் இருந்தது. நெய்வேலியின் முதல் திட்டத்திலேயே அனல்மின் நிலையம், உர ஆலை ஆகியவற்றோடு களிமண் கழுவும் ஆலையும் இடம்பெற்றது. மண் கிடைக்கும் இடத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பட்டயக் கல்லூரியும், கழிவுநீர்க் குழாய் செய்யும் அரசு ஆலையும் வந்தன. மின்சாதனப் பீங்கான்களும் கழிவறைப் பீங்கான்களும் வார்த்த அதே ஊரில், அதே மண்ணில், பொம்மையும் அகலும் பிறக்கின்றன.

பொம்மைக்கான கலவையில் வெண்களி, ஒட்டும் தன்மை மிகுந்த இன்னொரு களி, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய நான்கும் சேரும். களி உருவம் கொடுக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் சூளையில் உருகி மற்றவற்றைப் பிணைக்கிறது. குவார்ட்ஸ் எலும்புக்கூடாக நின்று உருவம் சரியாமல் தாங்குகிறது. இவற்றை நன்றாக அரைத்துத் தண்ணீரில் கரைத்தால் வார்ப்புக் குழம்பு கிடைக்கும். பட்டறையில் இதைச் ‘சிலிப்’ என்பார்கள். இதில் சோடியம் சிலிகேட் மிகச் சிறிதளவு சேர்ப்பது முக்கியம். அது சேர்ந்தால் குறைந்த தண்ணீரிலேயே குழம்பு தாராளமாக ஓடும். சேர்க்காவிட்டால் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டியிருக்கும். பிறகு அச்சு ஊறிப்போகும், பொம்மையும் காயும்போது விரிசல் விடும்.

அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிசால் ஆனது. இரண்டாகவோ நான்காகவோ பிரியும் அச்சைக் கட்டி, குழம்பை வாய்வரை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் களி படிந்து தடிக்கும். சிறிய பொம்மைக்குப் பத்து இருபது நிமிடம் போதும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான பொம்மை மட்டும் நிற்கும். சற்று இறுகியதும் அச்சைப் பிரித்து, இணைப்புக் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். இந்தத் துடைப்பில்தான் கைத்திறன் தெரியும். அவசரப்பட்டால் கோடு வண்ணத்துக்கு அடியிலும் துருத்திக்கொண்டு நிற்கும். அதிகம் தேய்த்தால் மூக்கும் கண்ணிமையும் மழுங்கிவிடும். கடையில் இரண்டு பொம்மைகளை அருகருகே வைத்து வண்ணத்தை மறந்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால், எது நல்ல கை என்பது விளங்கும்.

காய்ந்த பொம்மை முதல் சூட்டில் சுமார் 900 டிகிரி முதல் 1000 டிகிரி வரை போகும். வெளியே வரும்போது கெட்டியாகவும், தண்ணீரை உறிஞ்சும் நுண்துளைகளோடும் இருக்கும். இதற்கு ‘பிஸ்க்’ என்று பெயர். மினுமினுப்பு வேண்டுமானால் இதைக் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடியும் சுட வேண்டும். அந்தச் சூடு 1200 டிகிரியை ஒட்டிப் போகும். வெப்பம் 573 டிகிரியைக் கடக்கும்போது குவார்ட்ஸின் பருமன் திடீரென மாறும். ஆகவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்த இடத்தில் நிதானம் வேண்டும். சூளைக் கதவை அவசரமாகத் திறந்தவர்களுக்கு உடைந்த பொம்மைகள்தான் மிஞ்சும். காய்ந்து, சுட்டு முடிவதற்குள் உருவம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால், அச்சுக்கான மூல உருவத்தை அந்த அளவுக்குப் பெரிதாகவே செதுக்குகிறார்கள்.

இவ்வளவிலும் கடினமானது காலக்கணக்கு. கொலு புரட்டாசியில், கார்த்திகை தீபம் நவம்பர் அல்லது டிசம்பரில். கடலூர்ப் பக்கத்துக்கு மழை கொட்டுவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதும் இந்தக் கடலோரத்தில்தான். காற்றில் ஈரம் ஏறினால் வார்த்த அகல் காயாது. குழம்பின் தண்ணீரைக் குடித்த அச்சும் உலராது. காயாததைச் சூளைக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். எனவே விளக்கு விற்கும் பருவத்தில் விளக்கு செய்ய முடியாது. வெயில் காலத்திலேயே வார்த்துச் சுட்டுக் கையிருப்பு சேர்க்க வேண்டும். மண்ணுக்கும் எரிபொருளுக்கும் கூலிக்கும் போட்ட பணம் கார்த்திகைவரை திரும்பாது. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்து, உடனே வேண்டும் என்று நெருக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரையிலோ வைகாசியிலோ முன்பணத்தோடு வரும் ஆர்டரே பட்டறைக்கு உண்மையான உதவி.

பீங்கான் அகலுக்கும் சாதாரண மண் அகலுக்கும் உள்ள வேறுபாடு எண்ணெயில் தெரியும். செம்மண் அகல் நுண்துளை நிறைந்தது. முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து ஏற்றுவது வீட்டு வழக்கம்; அப்படிச் செய்தும் எண்ணெய் கசிந்து தரையில் வட்டக் கறை விழும். உள்ளே கிளேஸ் பூசிய பீங்கான் அகல் எண்ணெயைக் குடிக்காது. மரத்தளமும் தரைவிரிப்பும் கொண்ட அடுக்கக வீடுகளில் இது பெரிய வசதி. கழுவித் துடைத்துப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரி எரியும் விளிம்பில் கற்களையும் ஜிகினாவையும் ஒட்டி விற்கும் வழக்கம் நல்லதல்ல. பசை சூட்டில் இளகும், பிளாஸ்டிக் மணி உருகும், சரிகை பற்றிக்கொள்ளும். சுடர் ஏந்தும் அகலில் சூளையில் சுட்ட அலங்காரம் மட்டுமே இருக்க வேண்டும். கிளேஸ் வண்ணம், சுட்டுப் பதிக்கும் படத்தாள், பொற்பூச்சு ஆகிய மூன்றும் அந்த வகை. துணியும் மணியும் வேண்டுமென்றால் அகலைச் சுற்றி, கைக்கு எட்டும் தூரம் தள்ளி, ஒரு தட்டில் வைக்கலாம்.

பொம்மையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே பல பொருள்களும் தாராளமாகக் கலக்கலாம். தமிழர் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. மரப்பாச்சி கடையிலிருந்து வரும்போது வெறும் செந்நிற மரம். அதற்கு ஒவ்வொரு நவராத்திரிக்கும் பட்டுத் துண்டு சுற்றி, சரிகைக் கரை வைத்து, மணி கோத்து, பொட்டிட்டு முடிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. கொலுப் படிக்குக் கீழே கண்ணாடியில் குளம், மணலில் மலை, முளைவிட்ட கடுகிலோ கேழ்வரகிலோ புல்வெளி என்று பூங்கா அமைப்பதும் அதே கலை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும், புதுச்சேரித் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மெல்லிய நெட்டியும் காகிதக்கூழும் விருத்தாசலத்துப் பீங்கானோடு நன்றாகப் பொருந்தும் பொருள்கள்: பீங்கான் உடல், நெட்டி மாலை, காகிதக்கூழ் மண்டபம்.

வீட்டில் முடிப்பதற்கு ஏற்றது கிளேஸ் பூசாத பிஸ்க் பொம்மை. அதன் நுண்துளைகள் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். நேரே தீட்டினால் ஈரத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாகும் என்பதால், வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மெல்லியதாக ஒருமுறை பூசி உலரவிட்டு, பிறகு அக்ரிலிக் வண்ணம் தீட்ட வேண்டும். முதலில் தோல் நிறம், அடுத்து உடை, கடைசியில் கண். கிளேஸ் பூசிய பொம்மையில் இந்த வண்ணம் நகம் பட்டால் உரிந்துவிடும். அதற்கு எனாமல் வேண்டும், அல்லது சமையலறை அவனில் 150 டிகிரியில் சுட்டுப் பிடிக்க வைக்கும் பீங்கான் வண்ணம் வேண்டும். துணியைச் சேலைபோல மடித்து ஒட்டும்போது மடிப்பின் உள்பக்கம் மட்டும் பசை தொட்டால் போதும்; வெளியே கசிந்தால் பட்டில் கறை நிற்கும். அலங்காரப் பொம்மையிலும் தட்டிலும் உணவு வைக்கக் கூடாது. அலங்கார வண்ணங்கள் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும்.

விநாயகர் சதுர்த்திக்கு இந்தப் பீங்கான் பொருந்தாது. சுட்ட மண் தண்ணீரில் கரையாது. கரைக்க வேண்டிய பிள்ளையார் சுடாத பச்சைக் களிமண்ணாகவே இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விலக்கி இயற்கைக் களிமண்ணையே வலியுறுத்துகின்றன. கரைவதற்குப் பச்சை மண், காப்பதற்குச் சுட்ட மண் என்ற பிரிவு நம் வழிபாட்டில் முன்பே இருக்கிறது.

பிரான்சில் வாழும் தமிழருக்கு விருத்தாசலத்தை நினைவூட்டும் ஊர்கள் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் இருக்கின்றன. அங்கே கிறிஸ்துமஸ் குடிலுக்குச் ‘சாந்தோன்’ எனும் சிறு களிமண் உருவங்களை வைப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது குடில் வீட்டுக்குள் வந்தது. மார்சேய் நகரத்து ழான் லூயி லாஞேல் பிளாஸ்டர் அச்சில் இவற்றைச் செய்து எளியவர்களும் வாங்கும்படி ஆக்கினார். 1803 முதல் அந்த நகரில் சாந்தோன் சந்தை கூடுகிறது. குழந்தை இயேசுவைச் சுற்றி மாவரைப்பவன், மீன்காரி, சாணை பிடிப்பவன், முரசடிப்பவன் என்று ஊரே நிற்கும். நம் கொலுவில் மளிகைக் கடை விரித்து அமர்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் போல. சாந்தோன்களில் ஒரு பெரிய வகை உண்டு. தலையும் கைகளும் களிமண், உடல் கம்பி, மேலே தைத்த உண்மையான துணி, கையில் பின்னிய கூடை. மரப்பாச்சியை உடுத்திய கைகளுக்கு அந்த வேலை உடனே பிடிபடும். ஜப்பானிலும் மார்ச் 3 அன்று வரும் விழாவுக்காகப் படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். அந்நாட்டு ஹகாதா பொம்மைகள் சுட்ட பிஸ்கின்மேல் கிளேஸ் இல்லாமல் வண்ணம் தீட்டியவை.

புரோவான்ஸ் பொம்மைக்கும் விருத்தாசலத்துப் பொம்மைக்கும் மண்ணிலோ திறத்திலோ பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. சூளை நுட்பத்தில் விருத்தாசலம் ஒரு படி மேலே என்றுகூடச் சொல்லலாம். ஒரு கல்லூரியே அதற்காக இருக்கிறது. வேறுபாடு அடிப்பாகத்தில் இருக்கிறது. சாந்தோனைக் கவிழ்த்தால் செய்தவர் பெயரோ முத்திரையோ இருக்கும். குடும்பங்கள் அந்தப் பெயரைத் தேடி ஆண்டுக்கு ஓர் உருவம் சேர்க்கின்றன. விருத்தாசலத்திலிருந்து வரும் பொம்மையின் அடி பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. கை மாறிக் கை மாறிக் கடைக்கு வரும்போது ஊர்ப் பெயரும் உதிர்ந்துபோகிறது. கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையேனும் சேர்க்க வேண்டும் என்ற வழக்கம் நம்மிடமும் உண்டு. யாரிடம் திரும்பிப் போய் வாங்குவது என்பதுதான் தெரிவதில்லை.

இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. மூல உருவத்தின் அடியில் ஒருமுறை ஊரையும் பட்டறையையும் செதுக்கிவிட்டால், அந்த அச்சில் வார்க்கும் ஒவ்வொரு பொம்மையிலும் எழுத்து விழும், சூளையிலும் அழியாது. தீட்டியவரின் பெயரை இரும்பு ஆக்சைடு தொட்ட தூரிகையால் கிளேஸ் படாத அடியில் எழுதிச் சுடலாம். தீட்டும் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால், இந்த இரண்டாவது பெயர் முதலாவதைவிடக் குறைந்ததல்ல.

வெளிநாட்டுக்கு வாங்கிச் செல்வோர் நீட்டிய கையும் குடையும் உள்ள பொம்மைகளைத் தவிர்த்து, உடலோடு ஒட்டிய உருவங்களைத் தேர்ந்தால் உடைசல் குறையும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்பவர்கள் நெட்டி, ஓலை, நெற்கதிர் போன்ற தாவரப் பொருள்களைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவற்றை அங்கேயே வாங்கிச் சேர்ப்பது எளிது. சுட்ட பீங்கானுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊருக்குப் போகும்போது வண்ணம் தீட்டாத பிஸ்க் பொம்மைகள் சிலவற்றைப் பட்டறையில் கேட்டு வாங்குங்கள். கூடவே, அடியில் பெயர் போட்டுத் தரும்படியும் கேளுங்கள்.