இல்லாத முதுகுவலி

2013இல் ஒரு நாள். மதுரையில் ஒரு வழக்கை முடித்துவிட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினேன். கிடைத்தது சைடு அப்பர் பெர்த். காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் ஒரு ராத்திரி. அந்த முதுகோடு அலுவலகத்துக்குப் போனால், விமானத்தில் முதல் வகுப்பில் போய் வந்த ஒருவர் புகாரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

ஏற்றுமதித் தொழில் செய்பவர், அறுபதைத் தாண்டியவர். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க மும்பையிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானத்தில் போயிருக்கிறார். ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். மேற்கே பறப்பதால் அந்த ராத்திரி மற்ற ராத்திரிகளைவிட நீளம். டிக்கெட் ஒரு வழிக்கு மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியது. முதல் வகுப்பில் எட்டே இருக்கைகள். சாப்பாடு முடிந்ததும் பைஜாமா கொடுப்பார்கள். மாற்றிக்கொண்டு வருவதற்குள் இருக்கையைக் கட்டிலாக்கி, மேலே மெத்தை விரித்து வைத்திருப்பார்கள்.

இவருடைய இருக்கை அசையவில்லை. மோட்டார் வேலை செய்யாவிட்டால் கையால் தள்ளிச் சாய்க்க ஒரு நெம்புகோல் உண்டு. பணியாளர்கள் இருவர் மண்டியிட்டு இழுத்துப் பார்த்தும் அது மசியவில்லை. பிசினஸ் வகுப்பிலும் இடமில்லை. ஏழு பேர் போர்த்திக்கொண்டு தூங்க, இவர் மட்டும் விமானக் கம்பெனியின் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு லண்டன் வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பந்தியில் உட்காரவைத்து, ஒருவருக்கு மட்டும் இலை போடாமல் போன மாதிரி. கேபின் பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்துக் கையால் எழுதிய சீட்டு ஒன்று கொடுத்திருந்தார். அதன் பிறகு வந்தது கொஞ்சம் பயணப் புள்ளிகள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது என் கவலை வேறாக இருந்தது. இதை எந்த மன்றம் கேட்கும்? ரேஷன் கடை, ஆஸ்பத்திரி பில், சீட்டுக் கம்பெனி என்று காத்திருக்கும் கூட்டத்தில், முதல் வகுப்பில் தூக்கம் வரவில்லை என்று எழுந்து நின்றால் சிரிக்க மாட்டார்களா? மனுவுக்குக் கொஞ்சம் சதை போடலாம் என்று நினைத்தேன்.

"முதுகுவலி, கழுத்துவலி ஏதாவது வந்துதா சார்?"

"இல்லையே."

"ஒரு டாக்டர் சர்டிபிகேட் இருந்தா கேஸுக்குப் பலம்..."

"வராத வலியை எதுக்கு எழுதணும்? படுக்கறதுக்குக் காசு கொடுத்தேன். படுக்க முடியலை. அவ்வளவுதான் வக்கீல் சார்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்ன கணக்கை என் ராத்திரிக்கும் போட்டுப் பார்த்தேன். சைடு அப்பர் என்று தெரிந்தேதான் வாங்கினேன். சொன்னதை ரயில்வே கொடுத்துவிட்டது. எனக்கு வலி இருந்தது, வழக்கு இல்லை. இவருக்கு வலி இல்லை, வழக்கு இருந்தது.

டிக்கெட் சென்னையில் வாங்கியது. ஆகவே சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்திலேயே தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர். முதல் ஆட்சேபம், மனுதாரர் வியாபாரி, வணிக நோக்கத்தில் போனவர், ஆகவே சட்டப்படி நுகர்வோரே அல்ல என்பது. சொந்த கிரெடிட் கார்டு ரசீதைக் காட்டியதும் அது அடங்கியது.

இரண்டாவது ஆட்சேபம்தான் பெரிய அஸ்திரம். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை, இந்தியாவுக்கு 2009 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. விபத்தில் பயணிக்கு உடற்காயம் ஏற்பட்டால் 17ஆவது பிரிவு, தாமதத்தால் நஷ்டம் வந்தால் 19ஆவது பிரிவு. இழப்பீடு எந்தப் பெயரில் கேட்டாலும் உடன்படிக்கையின் வரம்புக்குள்தான் கேட்க முடியும் என்கிறது 29ஆவது பிரிவு. காயமில்லாத வெறும் மன வேதனைக்கு அங்கே காசு கிடையாது. "விபத்து எங்கே? காயம் எங்கே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் மூத்தவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆசைப்பட்டபடி முதுகுவலியை எழுதியிருந்தால், நானே என் கட்சிக்காரரை 17ஆவது பிரிவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். எழுந்து சொன்னேன்: "காயம் இல்லை. தாமதமும் இல்லை, விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மனுவில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. விற்ற பொருளைக் கொடுக்கவில்லை என்பதுதான் புகார்." அப்போது நடைமுறையில் இருந்த 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஜி) பிரிவு சொன்ன சேவைக் குறைபாடு அது. அந்தச் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானதே என்றது அதன் 3ஆவது பிரிவு.

மூன்றாவது வாதம்: லவுஞ்ச் கொடுத்தோம், விருந்து கொடுத்தோம், சாயாதது இருக்கை ஒன்றுதானே? கம்பெனியின் விளம்பரத்தையே எக்ஸிபிட்டாகக் குறியீடு செய்திருந்தேன். அந்தப் படத்தில் யாரும் சாப்பிடவில்லை, ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரயிலில் ஏசி பழுதானால் டிடிஇ தரும் சான்றை வைத்துக் கட்டண வித்தியாசத்தை ரயில்வே திருப்பித் தருகிறது. வேர்த்து மயங்கி விழுந்தாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை என்றேன். எங்களுக்குச் சான்று, கேபின் பொறுப்பாளரின் அந்தச் சீட்டு.

"பகல் விமானமாக இருந்தால் வழக்கு இருக்காதா?" என்று கேட்டார் மன்றத் தலைவர்.

"இருக்கும் ஐயா. தொகை குறையும்."

ஆனாலும் வழக்கைத் திருப்பியது வாதம் அல்ல, ஒரு தாள். விமானத்துக்குள் ஏற்படும் பழுதுகளைப் பணியாளர்கள் லாக் புத்தகத்தில் எழுதுவார்கள், பொறியாளர் சரிசெய்து கையெழுத்துப் போடுவார், நேரமில்லாவிட்டால் ஒத்திவைப்பார். அந்தப் பக்கத்தைக் கேட்டு மனுப் போட்டேன். நாலைந்து வாய்தாவுக்குப் பிறகு வந்தது. இதே இருக்கை, இதே பழுது, மும்பைக்கு வந்த முந்தைய பயணத்திலேயே எழுதி ஒத்திவைக்கப்பட்டிருந்தது. எங்கள் கட்சிக்காரர் ஏறும்போதே அந்த இருக்கை சாயாது என்று கம்பெனிக்குத் தெரியும். மூத்தவர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

டிக்கெட் விலையில் பாதியும் வழக்குச் செலவும் கொடுக்க உத்தரவானது. மன உளைச்சலுக்கு நாங்கள் கேட்கவும் இல்லை, மன்றம் கொடுக்கவும் இல்லை. கம்பெனி மேல்முறையீடு செய்யாமல் காசோலையை அனுப்பிவிட்டது.

2023 பிப்ரவரியிலிருந்து விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ஒன்று வந்திருக்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணத்தில், வாங்கிய வகுப்பிலிருந்து கீழே இறக்கினால் வரியோடு சேர்த்துக் கட்டணத்தில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். எங்கள் கட்சிக்காரரை யாரும் இறக்கவில்லை. அவர் முதல் வகுப்பில்தான் இருந்தார், வகுப்புதான் அவரை விட்டு இறங்கிப் போயிருந்தது. அதற்கும் இந்த விதி பொருந்துமா என்பது இன்னொரு நாளைக்கு இன்னொருவர் வாதாட வேண்டியது.

என் ஜூனியர்கள் எழுதிக்கொண்டு வரும் எந்தப் புகார் மனுவிலும், "சொல்லொணா மன உளைச்சலுக்கும் உடல் வேதனைக்கும் ஆளாகி" என்ற வரி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "வலி இருந்துதா?" என்று கேட்கிறேன். யோசிக்க ஆரம்பித்தாரென்றால் அந்த வரியை அடித்துவிடுகிறேன்.