கோகோஸ்: வளையத்துக்குள் ஒரு சமூகம்

பெர்த்திலிருந்து கிளம்பிய விமானம் வெறும் கடலின் மேல் மணிக்கணக்காகப் பறந்தபின் கோகோஸ் தீவுக்கூட்டம் கண்ணில் பட்டது. வெளிர்பச்சைக் காயல், அதைச் சுற்றி விட்டுவிட்டுக் கிடக்கும் தென்னந்தோப்புகள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம்தான், ஆனால் பெர்த் சுமார் 2,750 கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஜாவா அதைவிடக் கிட்டே. 27 தீவுகளும் சேர்ந்து 14 சதுர கி.மீ.தான். ஆள் குடியிருப்பவை இரண்டு: விமான ஓடுதளம் உள்ள வெஸ்ட் தீவும், மலாய் மக்களின் ஹோம் தீவும்.

நீர் வற்றிய நேரத்தில் கரையோரம் நடந்து, ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தேன். பவளத் துணுக்கு, சிப்பி உடைசல், நண்டு ஓட்டின் பொடி. நிலம் முழுக்க உயிர்கள் விட்டுச்சென்றது. 1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் வந்த சார்ல்ஸ் டார்வின் இதன் காரணத்தை இங்கேதான் ஆராய்ந்தார். அவர் தந்த விளக்கம் இது: எரிமலைத் தீவு மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பைப் பற்றிய பவள உயிரிகள் வெளிச்சத்துக்காக மேலே மேலே வளர்கின்றன. மலை மூழ்கிவிட, பவள வளையமும் காயலும் மிஞ்சுகின்றன. 1952-இல் பசிபிக்கின் எனிவெடோக் தீவில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது உறுதியானது.

அவர் இங்கிருந்த மனிதர்களையும் பார்த்தார். மலாய்க்காரர்கள் பேருக்குத்தான் சுதந்திரமானவர்கள், பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்று எழுதிவைத்தார். பவளத்தைப் பற்றி அவர் எழுதியது உலகப் புகழ் பெற்றது. இந்த வரிகளையும் அதே அக்கறையோடு படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலாய் மக்களை 1826-இல் இங்கே கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர். மறு வருடமே ஸ்காட்லாந்துக்காரர் ஜான் குளூனிஸ்-ராஸ் குடும்பத்தோடு வந்து இறங்கினார். சில வருடங்களில் ஹேர் வெளியேற, தீவு ராஸ் குடும்பத்தின் கைக்குப் போனது. 1886-இல் விக்டோரியா மகாராணி அதை அவர்களுக்கே நிரந்தரமாக எழுதிக்கொடுத்தார். தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்தவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது கோகோஸ் ரூபாய். ஹோம் தீவு அருங்காட்சியகத்தில் அந்த வில்லைகளைப் பார்த்தேன். தந்தநிறப் பிளாஸ்டிக்கில் 1913 என்ற வருடமும் மதிப்பும் பொறித்திருக்கின்றன. சட்டைப் பொத்தானைப் போன்ற அந்தப் பொருளை நம்பித்தான் ஒரு சமூகமே வாழ்ந்திருக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு என்னோடு வந்த மலாய்ப் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். "முதலாளி கடையில் அரிசி வாங்கலாம், சர்க்கரை வாங்கலாம். கப்பல் ஏறினால் இது செல்லாக்காசு. ஏறிப் போனவர்களைத் திரும்பவும் விடமாட்டார்கள்."

வெளியுலகம் இங்கே வந்ததெல்லாம் பெரும்பாலும் போருக்காகத்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று இங்குள்ள டைரக்‌ஷன் தீவின் தந்தி நிலையத்தைத் தகர்க்க வந்தது. ஊழியர்கள் அதற்குள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். விரைந்து வந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல் அடித்த அடியில், எம்டன் வடக்குக் கீலிங் திட்டில் தரைதட்டியது. அடுத்த போரில், 1942 மே மாதம், ஹார்ஸ்பர்க் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் சிலர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று அந்தத் தீவில் குடியிருப்பு இல்லை.

1978-இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்து, ராஸ் குடும்பத்தின் மாளிகை நீங்கலாகத் தீவுகளை வாங்கியது. 1984 ஏப்ரல் 6 அன்று, ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் தீவு மக்கள் வாக்களித்தார்கள். தனி நாடா, தளர்வான கூட்டா, ஆஸ்திரேலியாவோடு இணைப்பா என்பது கேள்வி. பெரும்பான்மை இணைப்புக்கே விழுந்தது. பெரியவரும் அன்று வாக்களித்தவர்.

அவருடைய தம்பி 1970-களிலேயே மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டானிங் ஊருக்கு இறைச்சித் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். இந்தப் பெருநாளுக்குத் தம்பி பேரக்குழந்தைகளோடு வருகிறாராம். ஜுக்கோங் படகுப் போட்டிக்கு முன் பழைய பாயைத் தைத்தாக வேண்டும் என்று பெரியவர் மகளை அவசரப்படுத்தினார்.