முறியாத கோலைத் தேடி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் ஏரிக்காடு. அதன் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கு அனுமதியில்லை. கனூவில் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். ஓர் ஏரி முடிந்ததும் கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, பாறையும் மரவேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இந்த நடையைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். ட்ரவுட்டைப் போலக் குளிர்நீரையே நம்பி வாழாத ஸ்மால்மவுத் பாஸ் இங்கே பல ஏரிகளில் உண்டு. அதை ஃப்ளை தூண்டிலால் பிடிக்க விரும்புகிறவர் தன் கோலைத் தானே கட்டிக்கொள்ள நினைத்தால், முதலில் ஒரு ப்ளாங்க் வாங்க வேண்டும். அதாவது வளையங்களும் கைப்பிடியும் பொருத்தப்படாத வெறுங்கோல். இன்றைய சந்தை அவருக்குக் கார்பன் இழைக் கோலைத்தான் நீட்டும். கண்ணாடி இழைக் கோலை விரும்பும் சிறுபான்மையினர், அது கைக்கு இதமாக வளைகிறது என்பார்கள். இரண்டு பதிலுமே எனக்குப் போதவில்லை. இதம் என்பது அவரவர் ருசி; அதை வைத்து இன்னொருவருக்கு யோசனை சொல்ல முடியாது. அந்தப் பொருள் எந்தத் தேவைக்காகத் தூண்டில் கோலாக மாறியது என்று தெரிந்தால், இந்தப் பயணத்தின் தேவைக்கு அது பொருந்துகிறதா என்று தீர்மானிக்கலாம். அந்த எண்ணத்தில்தான் கண்ணாடி இழைக் கோலின் பிறப்பைத் தேடத் தொடங்கினேன்.

தேடல் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்குகிறது. 1932ல் டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, உருகிய கண்ணாடியில் காற்று பீறிட்டு அடித்து அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. அந்த விபத்தைத் தொழிலாக வளர்த்தெடுத்தவர் கேம்ஸ் ஸ்லேட்டர். 1938ல் ஓவன்ஸ் கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் உருவானது. இழை மட்டும் இருந்தால் கோல் ஆகாது. இழைகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பிசின் வேண்டும். இரண்டாம் உலகப்போர் அதைக் கொண்டுவந்தது. விமானத்தின் ரேடாரை மூடும் கூடு, உறுதியாகவும் ரேடியோ அலைகளைத் தடுக்காமலும் இருக்க வேண்டியிருந்ததால், கண்ணாடி இழைத் துணியும் பாலியெஸ்டர் பிசினும் கைகோத்தன. அந்தப் பிசின் தொழிலில் இருந்தவர்தான் ஆர்தர் ஹோவால்ட். டொலீடோ நகரில் பிளாஸ்கான் நிறுவனத்தின் வேதியியலாளர். போர்க்காலத்தில் மிச்சிகனில் மீன்பிடிக்கும்போது அவருடைய மூங்கில் கோலின் நுனி முறிந்தது என்றும், மாற்று நுனி கிடைக்காததால் கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு ஒன்று செய்துகொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. அந்த முறையை மிச்சிகனின் கலமசூ நகரத்து ஷேக்ஸ்பியர் நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1940களின் பிற்பகுதியில் வொண்டர்ராட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

முறிந்த நுனியின் கதை, பொருளை விற்பதற்காகப் பின்னால் மெருகேற்றப்பட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான சந்தேகம். கண்டுபிடிப்புக் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் வளர்கின்றன. ஆனால் என் வாதம் அந்தக் கதையில் நிற்கவில்லை. அடுத்து நடந்ததைப் பார்த்தால் போதும். நல்ல கோல்களுக்கான டோன்கின் மூங்கில் சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில், சீன வணிகத்துக்கு அமெரிக்கா தடை விதித்தது. மூங்கில் வரத்து நின்றது. மூங்கில் கோலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். நனைந்தபடியே பையில் போட்டால் வளையும், ஒட்டு விடும். கண்ணாடி இழைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மூங்கிலை அது வென்றது அழகாலோ வீச்சின் நேர்த்தியாலோ அல்ல. கவனக்குறைவான கையையும் ஈரத்தையும் அடியையும் தாங்கி நின்றதால்தான் சில ஆண்டுகளுக்குள் சாதாரண மீனவரின் கோலாக அது மாறியது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், உலகப்போர் முடியும் தறுவாயில்தான் க்ரம்மன் என்ற போர்விமான நிறுவனம் அலுமினியக் கனூவைச் செய்யத் தொடங்கியது. மரமும் துணியுமாக இருந்த கனூ பாறையில் மோதினால் கிழியும். அலுமினியம் நெளிந்ததோடு தப்பிக்கும். கோலும் கனூவும் ஒரே போர்த்தொழிலின் பிள்ளைகள், இரண்டும் ஒரே குறையைத் தீர்க்க வந்தவை.

இனி இழையின் எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் என் முடிவு அவற்றில்தான் நிற்கிறது. மின்காப்புக்காக உருவான சாதாரண ஈ-கிளாஸ் இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல். பொதுவான கார்பன் இழைக்கு அது சுமார் 230. எடையிலும் கார்பனுக்கே சாதகம்: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை சுமார் 2.5 கிராம், கார்பன் 1.8. இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுத்தான் கார்பன் உயர்ந்தது என்ற தீர்ப்பு எழுதப்படுகிறது. மூன்றாவது எண்ணை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. அறுவதற்கு முன் கார்பன் இழை தன் நீளத்தில் 1.5 முதல் 2 சதவீதம் வரைதான் நீள்கிறது. ஈ-கிளாஸ் கிட்டத்தட்ட 4.8 சதவீதம் நீள்கிறது. விறைப்பையும் நீட்சியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முறிவதற்கு முன் கண்ணாடி இழை உள்வாங்கக்கூடிய ஆற்றல் கார்பன் இழையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. பிசினோடு சேர்ந்து கோலாகும்போது இந்த இடைவெளி கொஞ்சம் குறையும், ஆனால் மறையாது. இன்னொன்று: விறைப்பு குறைவாக இருப்பதால், ஒரே அளவு தூண்டில் நரம்பை வீச, கண்ணாடி இழைக் கோலுக்குத் தடித்த சுவர் தேவைப்படுகிறது. கார்பன் கோல் மெல்லிய சுவருள்ள குழாய். ஈயக்கண் வைத்த செயற்கை ஈ ஒன்று வீச்சில் தவறி அதன் மேல் பட்டாலோ, கனூவின் விளிம்பில் மோதினாலோ, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஒரு நல்ல மீன் இழுக்கும் நாளில் கோல் அந்த இடத்தில் முறியும். கண்ணாடி இழைக் கோலின் எடை என்று எதைக் குறை சொல்கிறோமோ, அந்தத் தடித்த சுவர்தான் அதன் காவல். எடையையும் உறுதியையும் தனித்தனிக் குணங்களாகப் பட்டியலிடுவது தவறு. அவை ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

முதல் வொண்டர்ராடுகளில் பால்சா மரத்தண்டைச் சுற்றி நீளவாக்கில் இழைகள் அடுக்கப்பட்டிருந்தன. இன்று நாம் வாங்கும் ப்ளாங்க் அந்த வழியில் வந்ததல்ல. கலிபோர்னியாவில் நார்ம்கோ நிறுவனம் கொனொலான் என்ற பெயரில் செய்த உள்ளீடற்ற கோல்கள்தான் அதற்கு நெருங்கிய முன்னோர். பிசின் தோய்ந்த கண்ணாடி இழைத் துணியை ஒருபுறம் குறுகும்படி வெட்டி, கூம்பிய எஃகுக் கம்பியின் மேல் இறுக்கிச் சுருட்டி, மேலே நாடா சுற்றி, சூட்டடுப்பில் பிசினைக் கெட்டியாக்கி, பிறகு கம்பியை உருவி எடுப்பது அந்த முறை. துணியை எப்படி வெட்டுகிறோம், கம்பி எவ்வளவு கூம்பியிருக்கிறது என்பதை மாற்றினால் கோலின் வளைவு மாறும். அதனால்தான் ப்ளாங்க் செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கைவண்ணம் இருக்கிறது.

என் தேடலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒரு சின்ன உறுப்பு, கோலின் துண்டுகளை இணைக்கும் பூண். மூங்கில் கோலிலும் தொடக்கக் கண்ணாடி இழைக் கோலிலும் அது உலோகம். உலோகப் பூண் வளையாது. ஒரு கோலில் ஒன்று இருந்தால் பொறுக்கலாம். மூன்று இருந்தால் கோல் மூன்று இடத்தில் செத்துப்போகும், எடையும் ஏறும். அதனால் வீச்சுக்கு நல்ல கோல் வேண்டுமென்றால் இரண்டு நீண்ட துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும், காட்டுப்பாதையில் அது மரக்கிளைகளில் சிக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் நகருக்கு அருகே இருக்கும் ஃபென்விக் ஏரியின் பெயரைத் தாங்கிய ஃபென்விக் நிறுவனத்தில், வீச்சுப் போட்டிகளில் பேர்பெற்ற ஜிம் க்ரீன் இதற்கு விடை கண்டார். மேல்துண்டின் அடிப்பகுதியையே உறையாக்கி, கீழ்த்துண்டின் மேல் செருகும் கண்ணாடி இழைப் பூண் அது. ஃபெராலைட் என்று பெயர். கோலோடு சேர்ந்து பூணும் வளைந்தது. நான்கு துண்டுக் கோல் வீசத் தகுந்ததாக ஆனது அதற்குப் பிறகுதான். அந்தப் பூணை வைத்து ஃபென்விக் செய்த மடக்குக் கோல்களுக்கு வாயேஜர் என்று பெயர் வைத்தது. பவுண்டரி வாட்டர்ஸின் போர்ட்டேஜ் பாதைகளில் தோல்மூட்டை சுமந்த பழைய கனூ வணிகத் தொழிலாளர்களின் பெயர் அது. கனூப் பயணத்துக்கான கோல் எது என்று இன்று கேட்கிறவர், அன்றே ஒருமுறை பதில் கிடைத்த கேள்வியைத்தான் கேட்கிறார்.

அப்படியென்றால் கண்ணாடி இழை ஏன் தோற்றது? அதே ஃபென்விக்தான் 1973ல் எச்எம்ஜி என்ற கார்பன் கோலையும் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் கண்ணாடி இழை மலிவுச் சரக்காகச் சுருங்கியது. சந்தை தந்த தீர்ப்பு என்று இதைக் காட்டுகிறவர்களுக்கு என் பதில் இது: எந்தப் போட்டியில் தோற்றது என்று பாருங்கள். நீண்ட தூரம் வீசுவது, நாள் முழுக்க நின்று வீசினாலும் கை வலிக்காமல் இருப்பது, எதிர்காற்றில் நரம்பைக் கூராகச் செலுத்துவது ஆகியவற்றில் தோற்றது. கடலோர மீன்பிடிப்புக்கும் அகன்ற ட்ரவுட் ஆறுகளுக்கும் அது சரியான தீர்ப்பு. கனூவில் நடப்பது வேறு. பாஸ் மீன் பாறையோரத்திலும் விழுந்த மரத்தடியிலும் நிற்கும். கனூவைச் சத்தமில்லாமல் அருகே கொண்டுபோக முடியும். முப்பது நாற்பது அடி வீசினால் போதும். அந்தத் தூரத்தில் விறைத்த கோல் அதிகம் வளைவதில்லை, மென்மையான கோல் நரம்பின் எடையை உடனே உணர்ந்து வளைகிறது. மேலும், பாஸுக்கு வீசுவது பெரும்பாலும் தக்கையால் செய்த பாப்பர், அல்லது மான்மயிரைக் கட்டிச் செதுக்கிய பூச்சி. காற்றை வாரிக்கொள்ளும் இந்தப் பருமனான பொருள்களுக்கு நிதானமான வீச்சுதான் ஒத்துவரும்.

எடை பற்றிய ஆட்சேபத்தை நான் தள்ளிவிடவில்லை. 9 அடி நீளத்தில் கண்ணாடி இழைக் கோல் நுனி கனத்து ஆடும். அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உட்கார்ந்து வீசுகிறவருக்கு நீளமான கோல் வேண்டாமா, பின்வீச்சில் நரம்பு தண்ணீரைத் தொடுமே என்ற கேள்வி கனமானது. இருக்கை தாழ்வு, உண்மைதான். அதனால்தான் சிற்றோடைக்கு ஏற்ற 7 அடிக் கோலை விட்டு 8 அடிக்கு வருகிறேன். அதற்கு மேலே போவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மீனைக் கனூவின் பக்கத்துக்கு இழுத்ததும், உட்கார்ந்திருப்பவர் கோலைச் செங்குத்தாகத் தலைக்குப் பின்னே தூக்குவார். எழுந்து நிற்க முடியாதே! நுனி கூர்மையாக மடியும். கார்பன் கோல்கள் முறிவதற்கு இது ஒரு பழகிய காரணம். கோல் நீளமாக இருந்தால் மீன் கைக்கு எட்டாது, இந்தத் தப்பு தவிர்க்க முடியாததாகிறது. எதிர்காற்று வீசும் திறந்த ஏரியில் கார்பனே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காற்றில் கனூவை நிறுத்தி வைப்பதே பாடு. விவரமானவர்கள் தீவுகளின் மறைவுக்குப் போய்விடுவார்கள். கார்பன் கோல் முறிந்தால் சில நிறுவனங்கள் ஆயுள் முழுக்க மாற்றித் தருகின்றனவே என்பார்கள். மூன்று போர்ட்டேஜ் தாண்டிய ஏரியில் கோல் முறிந்தால், உத்தரவாதச் சீட்டு அன்றைய மாலைக்கு உதவாது.

எனவே என் தேர்வு: 8 அடி, 7ஆம் எண் நரம்புக்கான ப்ளாங்க், நான்கு துண்டு. 7ஆம் எண் நரம்பின் முதல் முப்பது அடி சுமார் 12 கிராம். பாப்பரை இழுத்துப்போக அது தேவை. 6ஆம் எண்ணும் முடியும், ஆனால் பெரிய பாப்பருக்கு இழுபறி. நார்தர்ன் பைக் மீனையே குறிவைப்பவர் 8க்குப் போகலாம். இழையைப் பொறுத்தவரை எஸ்-கிளாஸ் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். அதன் விறைப்பு ஈ-கிளாஸைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம், அறுவதற்கு முன் நீள்வதும் அதிகம். எடை குறைகிறது, உறுதி குறைவதில்லை. ஆனால் கார்பனைப்போல வேகமானது என்று பெருமையாக விற்கப்படும் மெல்லிய சுவர் ப்ளாங்கை இந்தப் பயணத்துக்கு வாங்காதீர்கள். கண்ணாடி இழையை எதற்காகத் தேடினோமோ அதையே விட்டுக்கொடுத்து வேகம் வாங்கியதாக ஆகும். வாங்கும்போது பூண்களைச் செருகிப் பாருங்கள்: மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஆடாமல் உட்கார வேண்டும், செருகும் பகுதியின் விளிம்பில் நூல்கட்டு போட இடம் இருக்க வேண்டும். அந்த நூல்கட்டை இரட்டிப்பாகப் போடுங்கள். வளையங்களை நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் ஒட்டுநாடாவால் ஒட்டி, நீங்கள் உண்மையில் கட்டப்போகும் பாப்பரையே முப்பது அடிக்கு, தரையில் உட்கார்ந்தபடி வீசிப் பாருங்கள்.