குட்டி பிக்கப் போதாதா?

எங்கள் தெருவில் (அமெரிக்காதான்) நிற்கும் பெரிய பிக்கப்புகள் பலவும் சுமப்பது காற்றை மட்டும்தான். அவற்றில் ஒன்றான ஃபோர்டு எஃப்-150 ஏறக்குறைய 19 அடி நீளம். கடைவாசலில் பார்க் செய்வதற்குள் வியர்த்துவிடும்.

அதனால்தான் ஃபோர்டு மேவரிக் என்ற குட்டி பிக்கப் மீது எனக்கு ஒரு கண். 2021-ல் அறிமுகமானபோது ஹைப்ரிட் வண்டியின் தொடக்க விலை 20,000 டாலருக்குள். ஊருக்குள் கேலனுக்கு 42 மைல்! காரின் அடித்தளத்தில் கட்டியது என்பதால், ஓட்டவும் கார் மாதிரியே.

பின்தொட்டி நாலரை அடிதான். உரமூட்டை, சைக்கிள், பழைய சோபா எல்லாம் தாராளமாகப் போகும். எட்டடி பிளைவுட் என்றால் பின்கதவைத் திறந்துபோட்டுக் கயிற்றால் கட்ட வேண்டும். வருடத்துக்கு எத்தனை தடவை பிளைவுட் வாங்குகிறோம்? பெரிய படகு இழுப்பவர்கள் மட்டும் விலகிக்கொள்ளலாம். அப்போது வந்த ஹைப்ரிட் இழுப்பது 2,000 பவுண்டு.

மழையில் மளிகைப் பையை எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்டார்கள். பின்சீட்டில்தான்! கைக்குழந்தை இருக்கையும் அங்கேயே என்றால் கொஞ்சம் நெருக்கடி.

அந்த விலைக்குப் புதுவண்டி இப்போது கிடையாது. பழசு தேடுகிறேன். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள், பனிக்காலத்தில் மைலேஜ் எவ்வளவு குறைகிறது என்று சொல்லுங்களேன்.