விடுதலைக்குப் பின் ஒரு விண்ணப்பம்

மேல்முறையீட்டில் ஒருவர் விடுதலை பெற்றாரெனின் வழக்கு முடிந்ததென்று உலகம் கூறும். நீதிமன்றத்திற்கு முடிந்தது என்பது மெய்யே. அவரைப் பிடித்துச் சென்றோர் செய்த பிழைக்கோ அன்றுதான் முதல் ஏடு திறக்கின்றது. அதனையும் அவரே திறத்தல் வேண்டும். இவ்வாண்டு எம் தாய்மாமன் பொருட்டு அவ்வேட்டின் முதற்பக்கத்தை எழுதும் பணி எமக்கு வாய்த்தது. தமிழ் படிக்கும் பிள்ளை வீட்டிலிருக்க, மனு எழுதுவோருக்குக் கூலி கொடுப்பானேன் என்பது வீட்டார் முடிபு.

மாமன் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலினர். முன்பின் அறியாத ஒருவன் பழுதுபார்க்கத் தந்து சென்ற பம்புசெட்டு மோட்டார் களவுப் பொருளாயிருந்தது. திங்கட்கிழமை மாலை போலீஸார் அவரைக் கடையினின்றும் அழைத்துச் சென்றனர். புதன்கிழமை காலை, பேருந்து நிலையத்தருகே ஐயத்திற்கிடமாக நின்றவரைக் கைது செய்ததாக எழுதிக்கொண்டனர். இடைப்பட்ட இரண்டு இரவுகள் எந்த ஏட்டிலும் இல்லை. அவ்விரவுகளில் அவர் உள்ளங்காலில் விழுந்த அடியும், எழுதாத வெள்ளைத் தாள்களில் அவர் இட்ட கையொப்பமும் அவ்வாறே ஏடேறவில்லை. மாஜிஸ்டிரேட்டு நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. மகஜரில் கையொப்பமிட்ட சாட்சி, தாம் கடைப்பக்கமே செல்லவில்லையென்றும் நிலையத்திலிருந்தே கையெழுத்திட்டதாகவும் குறுக்கு விசாரணையில் சொல்லியிருந்தார். அச்சொல்லை மாஜிஸ்டிரேட்டு பொருட்படுத்தவில்லை. செஷன்ஸ் நீதிபதி பொருட்படுத்தினார். மாமன் விடுபட்டார். தீர்ப்பு பதினொரு பக்கம். அவ்விரண்டு இரவுகளைப்பற்றி அதில் ஒரு வரியுமில்லை. என்னை? நீதிபதியின் முன்னிருந்த வினா, மாமன் குற்றவாளியா என்பதே; போலீஸார் பிழை செய்தனரா என்பதன்று.

சிலப்பதிகாரம் பயிலும் எமக்கு இது புதிதன்று. கண்ணகி சிலம்பை உடைத்துத் தன் கணவன் கள்வனல்லன் என நிறுவினாள். பாண்டியன் பிழையுணர்ந்து உயிர் துறந்தான். ஆயினும், கோவலன் தோற்றம் கள்வன் தோற்றமன்று எனக் காவலர் தயங்கிய வேளையில், கல்வியறியாக் குடியன் ஒருவன் வாளை வீசினானே, அவன் யாவன்? காப்பியம் அவன் பெயரைச் சொல்லவில்லை. மன்னனே மடிந்தபின் வாள் வீசியவனை வினவுவார் யார்? எம் காலத்தில் எவரும் அங்ஙனம் மடிவதில்லையாதலின், வினவுதற்கு நேரமுண்டு என்று கொள்ளலாம்.

சட்டமோ அங்ஙனம் கொள்ளவில்லை. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்து 36-ஆம் பிரிவு, செயல் நிகழ்ந்து ஓராண்டு கழிந்தபின் மனித உரிமை ஆணையம் அதனை விசாரித்தலாகாது என்கின்றது. மாமன் வழக்கு, மேல்முறையீட்டையும் சேர்த்து, இரண்டரை ஆண்டு நடந்தது. நிலையங்களிற் கேமராக்கள் அமைத்து அவற்றின் பதிவுகளை 18 மாதம் காத்தல் வேண்டுமென 2020-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது; அதுவும் கடந்தது. வழக்கு நடக்கும்பொழுதே முறையிட்டாலென்ன எனின், 'இப்பொழுது அவர்களைச் சினமூட்டாதீர்' என்று கூறாத வழக்கறிஞர் அரியர். வென்றபின் முறையிடுக என்பர். வென்று வந்தாற் காலங்கடந்தது என்பர்.

இவ்வழியில் முன்னே நடந்தவர் ஒருவருளர். அவர் நாகர்கோவிலிற் பிறந்த விண்வெளி அறிவியலார் நம்பி நாராயணன். 1994 நவம்பரில் கேரளப் போலீஸார் ஒற்றுக் குற்றஞ் சாட்டி அவரைக் கைது செய்தனர். அக்குற்றச்சாட்டு பொய்யென 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறையே அறிக்கையிட்டது. அதன்பின்னும் வழக்கை மீண்டும் புலனாய்வு செய்ய மாநில அரசு ஆணையிட, உயர் நீதிமன்றம் அதனைத் தடுக்கவில்லை. மேல்முறையீட்டில், 1998 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. வேறொருவர் அத்துடன் ஓய்ந்திருப்பர். அவரோ, தம்மைப் பிடித்த அதிகாரிகள் விடை கூறுதல் வேண்டுமெனத் தொடர்ந்தார். நடவடிக்கை தேவையில்லையென 2011-இல் அரசு முடிவு செய்தது. 2014-இல் உயர் நீதிமன்றத்துத் தனி நீதிபதி அம்முடிவைத் தள்ளினார். 2015-இல் இருவர் அமர்வு அதனை மீட்டு நிறுத்திற்று. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு விதித்து, அதிகாரிகளின் செயலை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. அம்முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே 20 ஆண்டு. நாடறிந்த அறிவியலார்க்கே இத்துணைக் காலமாயின், தெருக்கோடிக்கப்பால் அறிவாரில்லாத காயில் கட்டுபவர்க்கு எத்துணை ஆகும் என்று எம் ஆச்சி கேட்டார்.

ஆச்சியின் அச்சத்தைக் கோழைமை என்று யாம் கருதவில்லை. நிலையம் கடையினின்றும் கூப்பிடு தூரத்தில் உள்ளது. 'வீடு வந்து சேர்ந்தாயே ஐயா, அதுபோதும். கடையைத் திற' என்று அவர் மாமனிடம் மன்றாடினார். மாமன் கடையைத் திறந்தார்; விண்ணப்பத்தையும் விடவில்லை.

எங்கே கொடுப்பது? மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் தலைமையிற் போலீஸ் புகார் ஆணையம் அமைத்தல் வேண்டுமென 2006-இல், பிரகாஷ் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் பணித்தது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நீதிபதியின் இருக்கையில் மாவட்ட ஆட்சியரை அமர்த்திற்று. நீதிபதியை வேண்டியவர்க்கு ஆட்சியரைத் தருதல், மருத்துவரை அழைத்தவனுக்கு மணியகாரரை அனுப்புதல் போலும். ஆயினும் இருக்கும் வாயில் அதுவே.

விண்ணப்பம் நான்கு பக்கம். இழப்பீடாக ஒரு தொகை கேட்குமாறு வழக்கறிஞர் கூறினார். மாமன் அவ்வரியை அடிக்கச் சொன்னார். 'திங்கள் இரவும் செவ்வாய் இரவும் நான் எங்கே இருந்தேன் என்று அவர்கள் கையால் எழுதித் தரட்டும். வேறொன்றும் வேண்டா' என்றார். அதனையே கடைசி வரியாக எழுதி, ஆட்சியர் அலுவலகத்திற் கொடுத்து, எண்ணிட்ட ரசீது பெற்றோம்.

ரசீதின் நகலொன்று கடை மேசைக் கண்ணாடியின் அடியில் உள்ளது. சென்ற வாரம் அந்நிலையத்துத் தலைமைக் காவலர் ஒருவர் தம் வீட்டு மோட்டாரைக் காயில் கட்டக் கொணர்ந்தார். குனிந்து ரசீதைப் படித்தார், ஒன்றுங் கூறவில்லை. அவர் பெயரையும் நாளையும் வந்த மணியையும் குறிப்பேட்டில் எழுதி, அவர் கையொப்பத்தையும் பெற்ற பின்னரே மாமன் மோட்டாரை உள்ளே எடுத்து வைத்தார்.